அடித்தவர் இறங்கிப் போய்விட்டார். அடிபட்டவர் எங்கே முறையிடுவது?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட மண்டபம் ஒன்றில் பதிவான நமது தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நான் பேசியவற்றை, நேரம் போதாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அன்றைய தலைப்பு பிள்ளைகளின் வேலைவாய்ப்பு. ஆனால், கொழுந்து பறித்து மகளைப் படிக்க வைத்த ஒரு தாயார் ஒலிவாங்கியை வாங்கிக் கேட்ட கேள்வி பேச்சையே திருப்பிவிட்டது.

"என் மக பிளேன்ல வேல செய்யுது. குடிச்சிட்டு வந்த ஒருத்தன் அதோட கையப் புடிச்சி முறுக்கிட்டான். பிளேன் எறங்குனதும் அவன் பெட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிட்டான். தோட்டத்துல யாராச்சும் மேல கை வச்சா ஆபீசுக்குப் போவோம், யூனியனுக்குப் போவோம், போலீசுக்குப் போவோம். வானத்துல நடந்தா எங்கம்மா போறது?"

எந்த விமான நிறுவனம் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேள்வி ஒரு நிறுவனத்தைப் பற்றியது அல்ல. சட்டம் இருக்கிறது. விமானத் தலைவருக்கு அதிகாரமும் இருக்கிறது. ஆனால் விமானத்தின் கதவு திறக்கும் நிமிடத்திற்கும் போலீஸ் நிலையத்தில் புகார் பதிவாகும் நிமிடத்திற்கும் இடையே ஒரு இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில்தான் அடித்தவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார்.

நான் தகவல் தொடர்புத் துறையில் டிப்ளோமா படித்தவள், வழக்கறிஞர் அல்ல. சட்டத்தைப் படித்து எனக்குப் புரிந்ததைத் தோட்டத்து மொழியில் சொல்கிறேன்.

முதலில் இந்த வேலை என்ன வேலை என்பதைப் பார்ப்போம். சாப்பாட்டுத் தட்டு கொடுப்பதும் தண்ணீர் ஊற்றுவதும் நம் கண்ணில் படும் பகுதி. அதற்காக மட்டும் அவர்களை விமானத்தில் ஏற்றுவதில்லை. பொதுவாக 50 இருக்கைகளுக்கு ஒரு பணியாளர் என்று விமானப் போக்குவரத்து விதிகள் கணக்கு வைப்பது உயிர் காப்பதற்காக. ஒரு புதிய ரகப் பெரிய விமானத்திற்கு அனுமதி வழங்குமுன், அவசர வழிகளில் பாதியை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிகளுக்குள் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று காட்ட வேண்டும். அந்த 90 விநாடிக்குப் பயிற்சி பெற்றவர்கள்தான் இந்தப் பணிப்பெண்களும் பணியாளர்களும். தீயணைப்பு, முதலுதவி, கதவைத் திறப்பது, திறக்கக் கூடாத நேரத்தில் திறக்க விடாமல் காப்பது, எல்லாம் அவர்கள் பொறுப்பு.

2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு இன்னொன்றும் மாறியது. விமானி அறையின் கதவு உறுதியாக்கப்பட்டு உள்ளிருந்து பூட்டப்படுகிறது. பயணிகள் பகுதியில் என்ன ரகளை நடந்தாலும் விமானிகள் கதவைத் திறந்து கொண்டு வந்து விலக்கிவிடக் கூடாது என்பதே பாதுகாப்பு முறை. விமானம் கடத்தப்படாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கும் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன? முப்பதாயிரம் அடி உயரத்தில் போலீஸ் கிடையாது, பக்கத்து வீட்டார் கிடையாது, விமானியும் வெளியே வரமாட்டார். அவரும் சக பணியாளர்களும் மட்டுமே.

2022 டிசம்பர் 16 அன்று இஸ்தான்புல்லிலிருந்து டில்லி சென்ற இண்டிகோ விமானத்தில் உணவு பற்றி எழுந்த வாக்குவாதத்தின் காணொளி உலகம் முழுவதும் பரவியதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சக பணிப்பெண் ஒருவர் அழும் அளவுக்குப் பயணி பேசிவிட்டார். மூத்த பணிப்பெண் முன்வந்து, தான் ஓர் ஊழியர், உங்கள் வேலைக்காரி அல்ல என்று முகத்துக்கு நேரே சொன்னார். பணிப்பெண் குரலை உயர்த்தலாமா என்று சிலர் அப்போது கேட்டார்கள். என்னைக் கேட்டால், அவர் சொன்னது ஒரு சட்ட விளக்கம். வேலைக்காரிக்கு எஜமானர் மட்டுமே உண்டு. ஊழியருக்கு வேலை விதி உண்டு, உரிமை உண்டு, முறையிட ஓர் இடம் உண்டு.

தோட்டத்து மக்களுக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை. போ தேயிலைத் தோட்டம் இந்த மலையில் தொடங்கிய ஆண்டு 1929. அந்தக் காலத்துத் தோட்டங்களில் துரைக்கும் கங்காணிக்கும் இருந்த அதிகாரம் உங்கள் தாத்தா பாட்டிகள் சொல்லித் தெரிந்ததுதான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தம் நடந்தபோது, சம்பளக் கோரிக்கையோடு வேறு கோரிக்கைகளும் இருந்தன. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் தகாத முறையில் நடப்பதை நிறுத்த வேண்டும். துரையோ தோட்டத்து அலுவலர்களோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்க வேண்டும். அரசு படையை இறக்கியது, உயிர்கள் போயின, நாதன் நாடு கடத்தப்பட்டார். அதற்கு முன்பே கோலாலம்பூரில் இந்திய அரசின் ஏஜெண்டு என்று ஓர் அதிகாரி இருந்தார். 1954-இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இவற்றால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. புகாரை வாங்கிக்கொள்ள ஒரு மேசை கிடைத்தது. விமானப் பணியாளரின் பிரச்சினை, அந்த மேசை எந்த நாட்டில் இருக்கிறது என்பதே.

அதற்குப் போகுமுன், பயணிகள் ஏன் இப்படி நடக்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரிஞ்சாங் மலை உச்சிக்கு ஏறியவர்களுக்கு அங்கே காற்று எப்படி இருக்கும் என்று தெரியும். அதன் உயரம் 2,031 மீட்டர். விமானம் பத்தாயிரம் மீட்டரில் பறந்தாலும், உள்ளே காற்றழுத்தத்தை ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்திற்குச் சமமாக வைத்திருப்பார்கள். அதாவது விமானத்தில் உட்கார்ந்திருப்பது பிரிஞ்சாங் உச்சியில் உட்கார்ந்திருப்பது போல. அங்கே எட்டு மணி நேரம் குறுகிய நாற்காலியில், தூக்கமின்றி, சிகரெட்டுக்குத் தடையோடு, கையில் மதுக்கிண்ணத்தோடு ஒருவரை உட்கார வையுங்கள். மது, புகைக்கத் தடை, இருக்கைத் தகராறு, தாமதம், மனநோய், போதைப்பொருள் என்று காரணங்கள் பல. அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கத்திற்கு வந்த அறிக்கைகளின்படி 2022-இல் 568 விமானப் பயணங்களுக்கு ஒன்று என்று இருந்த இத்தகைய சம்பவம், 2023-இல் 480-க்கு ஒன்று என்று ஆனது. பெரும்பாலானவை வாய்ச்சண்டையோடு நின்றுவிடும். நின்றுவிடாதவற்றைப் பற்றித்தான் நம் பேச்சு.

இனி சட்டம். 1963-இல் தோக்கியோ நகரில் நாடுகள் ஓர் உடன்படிக்கை செய்தன. 1969-இல் அது நடைமுறைக்கு வந்தது. விமானத்தின் கதவுகள் மூடப்பட்டது முதல் இறங்குவதற்காகத் திறக்கப்படும் வரை விமானத் தலைவருக்கு அது அதிகாரம் தருகிறது. ஆபத்து விளைவிப்பவரைக் கட்டிப்போட உத்தரவிடலாம். பணியாளர்களைக் கட்டளையிட்டு ஈடுபடுத்தலாம். பயணிகளை உதவிக்கு அழைக்கலாம், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது. அடுத்த விமான நிலையத்தில் அந்த ஆளை இறக்கிவிடலாம், கடுங்குற்றமென்றால் போலீசிடம் ஒப்படைக்கலாம். முறைப்படி கட்டிப்போட்டதற்காகப் பின்னால் தலைவர் மீதோ பணியாளர் மீதோ உதவிய பயணி மீதோ வழக்குப் போட முடியாது. நல்ல சட்டம்தான்.

சிக்கல் அடுத்த கேள்வியில். விசாரிப்பது எந்த நாடு? விமானம் எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாடு என்கிறது தோக்கியோ உடன்படிக்கை. அடுத்த முறை விமான நிலையம் போனால் விமானத்தின் பின்பகுதியைப் பாருங்கள். மலேசிய விமானங்களில் 9எம் என்று தொடங்கும் எழுத்துகள் இருக்கும். சிங்கப்பூருக்கு 9வி, இந்தியாவுக்கு விடி, இலங்கைக்கு 4ஆர். வாகனத்தின் எண் பலகை மாதிரி என்று நினைக்காதீர்கள்; அது ஒரு கொடி. வங்காள விரிகுடாவுக்கு மேலே பறந்தாலும் அந்தப் பதிவு நாட்டின் சட்டம் உள்ளே கூடவே பறக்கிறது. நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டு வான் போக்குவரத்துக் குற்றச் சட்டம் இதையே செய்கிறது. மலேசிய விமானத்தில், மலேசியாவுக்கு வெளியே பறக்கும்போது ஒருவர் செய்த செயல், இங்கே செய்திருந்தால் குற்றம் என்றால், அங்கேயும் குற்றம். ஆகவே மலேசிய விமானத்தில் அடிபட்ட நம் பிள்ளை நம் மண்ணில் வந்து இறங்கினால், "அது வானத்துல நடந்தது" என்று யாரும் தட்டிக்கழிக்க முடியாது.

ஆனால் நம் பிள்ளைகள் மலேசிய விமானங்களில் மட்டுமா வேலை செய்கிறார்கள்? வளைகுடா நாட்டு விமானங்களிலும் சிங்கப்பூர் விமானங்களிலும் இருக்கிறார்கள். ஒரு நாட்டின் விமானம், இன்னொரு நாட்டுப் பயணி, மூன்றாவது நாட்டு விமான நிலையம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய நாட்டின் போலீசார் வந்து பார்ப்பார்கள். "எங்கள் நாட்டு விமானம் இல்லை, எங்கள் எல்லையில் நடக்கவில்லை, எங்கள் சட்டத்தில் வழக்குப் பதிய வழியில்லை" என்று பயணியை விட்டுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சட்டம் அவர்கள் கையில் எதையும் கொடுக்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2014 ஏப்ரலில் மொன்ட்ரியாலில் ஒரு திருத்த ஒப்பந்தம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. விமானம் இறங்கும் நாடும், விமானத்தை இயக்கும் நிறுவனத்தின் நாடும் விசாரிக்கலாம் என்றது அது. 22 நாடுகள் சேர்ந்தால்தான் செயலுக்கு வரும் என்ற நிபந்தனை நிறைவேறி 2020 ஜனவரி முதல் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. சேர்ந்த நாடுகளை மட்டுமே அது கட்டுப்படுத்தும். ஏற்றுக்கொண்ட நாளுக்கும் நடைமுறைக்கும் இடையே ஆறு ஆண்டுகள் போனதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

இடம் சரியாக அமைந்தால் சட்டம் எப்படிப் பாயும் என்பதற்கு நம் நாட்டு விமானமே உதாரணம். 2017 மே 31 இரவு மெல்பர்னிலிருந்து கோலாலம்பூர் புறப்பட்ட எம்.எச். 128 விமானத்தில், இலங்கையைச் சேர்ந்த ஓர் இளைஞர் கையில் ஒரு கருவியோடு எழுந்து, வெடிகுண்டு வைத்திருக்கிறேன் என்று கத்திக்கொண்டு விமானி அறைப் பக்கம் போனார். பணிப்பெண் குரல் கொடுக்க, பயணிகள் சிலர் பாய்ந்து மடக்கினார்கள், கட்டிப் போட்டார்கள். விமானம் மெல்பர்னுக்கே திரும்பியது. உண்மையில் அது குண்டு அல்ல, பாட்டுக் கேட்கும் கருவி. அன்றுதான் அவர் மனநல மருத்துவமனையிலிருந்து வெளியே வந்திருந்தார். விமானம் மலேசியாவுடையது, ஆள் இலங்கையர், ஆனால் நடந்ததும் இறங்கியதும் ஆஸ்திரேலியாவில். அந்நாட்டின் வான் போக்குவரத்துக் குற்றச் சட்டப்படி 2018-இல் அவருக்கு 12 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அது பின்னர் குறைக்கப்பட்டது. நோயாளிக்கு இவ்வளவு கடுமையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பணியாளர்களுக்கு அப்போது தெரிந்தது, தங்களை நோக்கி ஒருவர் குண்டோடு வருகிறார் என்பது மட்டுமே. 2023 ஆகஸ்ட் 14 அன்றும் சிட்னியிலிருந்து 199 பயணிகள், 12 பணியாளர்களோடு கிளம்பிய எம்.எச். 122, ஒரு பயணியின் மிரட்டலால் சிட்னிக்கே திரும்பியது. ஆஸ்திரேலியப் போலீசார் அவரைக் கைது செய்தார்கள்.

இதோடு ஒப்பிட இன்னொரு சம்பவம். 2014 டிசம்பரில் பேங்காக்கிலிருந்து சீனாவின் நாஞ்சிங் சென்ற தாய் ஏர் ஏசியா விமானத்தில், இருக்கைகள் சேர்ந்து கிடைக்காத தகராறு முற்றி ஒரு பயணி பணிப்பெண் மீது சுடுநீரை ஊற்றினார். விமானம் பேங்காக்குக்குத் திரும்பியது. சிறு அபராதமும், பணிப்பெண்ணுக்கு 50,000 பாட் இழப்பீடும் கட்டிவிட்டு அவர்கள் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். சட்டம் இருந்தது, இடமும் அமைந்தது, ஆனால் தண்டனை அவ்வளவுதான். அமெரிக்காவில் 2021 மே மாதம் ஒரு பயணி முகத்தில் குத்தியதில் சவுத்வெஸ்ட் பணிப்பெண் ஒருவரின் பற்கள் உடைந்தன. அடுத்த ஆண்டே அந்தப் பயணிக்கு 15 மாதச் சிறை கிடைத்தது, இழப்பீடும் கட்ட வேண்டி வந்தது, மூன்று ஆண்டுகள் விமானம் ஏறவும் தடை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையத்திற்கு வந்த ரகளைப் புகார்கள் 5,973. முகக்கவசம் போடச் சொன்னதுதான் பெரும்பாலானவற்றுக்குக் காரணம்! அங்கே விமானப் பணியாளரைத் தாக்கியோ மிரட்டியோ வேலையைத் தடுத்தால் 20 ஆண்டு வரை சிறை விதிக்கத் தனிச் சட்டப் பிரிவு உண்டு.

நம் குற்றவியல் சட்டத்தில் அரசு ஊழியரைத் தாக்கி வேலையைத் தடுத்தால் தனிப் பிரிவு 353 இருக்கிறது. ஆனால் விமான நிறுவன ஊழியர் அரசு ஊழியர் அல்லர். எனவே அவருக்குச் சாதாரணக் குடிமகனுக்கு உள்ள பிரிவுகள்தான். காயம் விளைவித்தால் 323. சுடுநீர் போன்ற சூடான பொருளால் என்றால் 324. பெண்ணின் மானத்திற்குப் பங்கம் வரும்படி கை வைத்தால் 354. ஆபாசமாகப் பேசினால், சைகை காட்டினால் 509. இவை சிறிய பிரிவுகள் அல்ல. ஆனாலும் இருநூறு பேரின் உயிருக்குப் பொறுப்பானவரைக் கடமை நேரத்தில் தாக்குவதும், சாப்பாட்டுக் கடையில் இருவர் அடித்துக்கொள்வதும் ஒன்றா? எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இந்தியா வேறொரு வழியில் போனது. 2017 மார்ச் 23 அன்று சிவசேனா நாடாளுமன்ற உறுப்பினர் ரவீந்திர கெய்க்வாட், கேட்ட வகுப்பில் இருக்கை இல்லை என்ற கோபத்தில் டில்லியில் ஏர் இந்தியா ஊழியர் ஒருவரைச் செருப்பால் அடித்தார். 25 முறை அடித்தேன் என்று தொலைக்காட்சிகளிடம் தாமே சொன்னார். விமான நிறுவனங்கள் சேர்ந்து அவரை ஏற்ற மறுத்தன. இரண்டு வாரங்களில் அந்தத் தடை விலகிவிட்டது. அந்தக் கொந்தளிப்பின் விளைவாக அதே ஆண்டு செப்டம்பரில் பயணத் தடைப் பட்டியல் விதிகள் வந்தன. வாய்த் துன்புறுத்தலுக்கு மூன்று மாதம் வரை, உடல்ரீதியான துன்புறுத்தலுக்கு ஆறு மாதம் வரை, உயிருக்கு ஆபத்தான செயலுக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு தடை. ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமையிலான குழு 30 நாளில் முடிவு சொல்ல வேண்டும். தவறினால் பயணி மீண்டும் பறக்கலாம். ஒரு நிறுவனம் தடை செய்தவரை மற்ற நிறுவனங்களும் தடை செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அந்த விதிகளில் வைக்கப்படவில்லை. ஒரு கடையில் கடன் சொல்லி அடிதடி செய்தவர் பக்கத்துக் கடைக்குப் போவது போலத்தான்.

இந்த விதிகள் பலன் தருவதும் தராததும் ஒரே ஒரு காகிதத்தைப் பொறுத்தது: பணியாளரும் தலைவரும் எழுதும் அறிக்கை. 2023 ஏப்ரல் 10 அன்று டில்லியிலிருந்து லண்டன் கிளம்பிய ஏர் இந்தியா விமானத்தில் ஒரு பயணி பணிப்பெண்கள் இருவரைத் தாக்கியபோது, விமானம் உடனே டில்லி திரும்பியது, ஆளைப் போலீசிடம் ஒப்படைத்தார்கள், இரண்டு ஆண்டு தடையும் விழுந்தது. அதற்கு ஐந்து மாதம் முன்பு, 2022 நவம்பர் 26 அன்று நியூயார்க்கிலிருந்து டில்லி வந்த அதே நிறுவன விமானத்தில் நடந்தது நேர் எதிர். குடிபோதையில் ஒருவர் மூதாட்டி ஒருவர் மீது சிறுநீர் கழித்தார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். விமானம் இறங்கியதும் எல்லாரும் கலைந்து போனார்கள். போலீசுக்குப் புகார் போக ஒரு மாதம் ஆனது. 2023 ஜனவரியில் ஒழுங்குமுறை அமைப்பு நிறுவனத்திற்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, தலைமை விமானியின் உரிமத்தையும் மூன்று மாதம் நிறுத்தி வைத்தது. முதல் நாளே சரியான அறிக்கை எழுதப்பட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது. ஐந்து மாதத்தில் அதே நிறுவனம் மாறிவிட்டதற்கு அந்த அபராதமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கொரியன் ஏர் நிறுவனமும் பட்ட பிறகுதான் திருந்தியது. 2016 டிசம்பரில் ஹனோயிலிருந்து சியோல் சென்ற அதன் விமானத்தில் குடித்த பயணி ஒருவர் ரகளை செய்ய, பணிப்பெண்களால் கட்டுப்படுத்த முடியவில்லை. அதே விமானத்தில் பயணம் செய்த அமெரிக்கப் பாடகர் ரிச்சர்ட் மார்க்ஸ் மடக்கிப் பிடிக்க உதவினார். பணியாளருக்குப் போதிய பயிற்சி இல்லை என்று வெளிப்படையாகக் குறையும் சொன்னார். மின்னதிர்ச்சிக் கருவியைப் பயன்படுத்தும் விதிகளைத் தளர்த்தி, பயிற்சியையும் கூட்டுவதாக நிறுவனம் அறிவித்தது. மின்னதிர்ச்சிக் கருவி எல்லா விமானத்துக்கும் வேண்டுமா என்றால், எனக்குத் தயக்கம் இருக்கிறது. பிளாஸ்டிக் கைக்கட்டும், இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை அடக்கும் பயிற்சியும், "இது கடைசி எச்சரிக்கை" என்று எழுதிக் கையில் கொடுக்கும் அட்டையும் பல நிறுவனங்களில் இருக்கின்றன. முறையாகப் பயன்படுத்தினால் பெரும்பாலான நேரங்களில் அவையே போதும்.

கை வைப்பதற்கும் அடிப்பதற்கும் இடையே இன்னொன்று இருக்கிறது. பணிப்பெண்கள் வெளியே சொல்லக் கூச்சப்படுவது. வேலைவாய்ப்புச் சட்டத்தில் பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் கடமை முதலாளிக்கு உண்டு. ஆனால் அந்தச் சட்டம் சொல்லும் புகார், ஊழியருக்கும் ஊழியருக்கும், ஊழியருக்கும் முதலாளிக்கும் இடையிலானது. டிக்கெட் வாங்கிய பயணி அந்தக் கணக்கில் வரமாட்டார். இங்கேதான் 2022-ஆம் ஆண்டு பாலியல் தொல்லைத் தடுப்புச் சட்டம் கைகொடுக்கிறது. அதன்கீழ் அமைந்த தீர்ப்பாயம் 2024-இல் செயல்படத் தொடங்கியது. எதிர்த்தரப்பு சக ஊழியராக இருக்க வேண்டியதில்லை. தீர்ப்பாயம் 250,000 வெள்ளி வரை இழப்பீடு தரச் சொல்லலாம். வழக்கறிஞர் வைத்துச் செலவழிக்கத் தேவையில்லை. முதல் விசாரணையிலிருந்து 60 நாளில் முடிவு சொல்ல வேண்டும். விமான நிலையக் கவுண்டரில் நின்று பயணிகளின் ஏச்சைக் கேட்கும் நம் பெண்களுக்கும் இது பொருந்தும். வானத்தில் பறப்பவர்களைப் பற்றியே பேசிக்கொண்டு கவுண்டரில் இருப்பவர்களை மறந்துவிடுகிறோம். கெய்க்வாட் அடித்ததும் பணிப்பெண்ணை அல்ல, தரையில் வேலை செய்தவரை.

மண்டபத்தில் ஒரு பெரியவர் வேறு பக்கத்திலிருந்து கேட்டார். "திருச்சி பிளேன்ல நம்ம ஆளுங்க மேல அவங்களுக்கு ஒரு இளக்காரம். இந்தச் சட்டத்தை வச்சு நம்மளையே மெரட்டுவாங்களே?" கைதட்டல் அதிகம் கிடைத்த கேள்வி அதுதான். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. திருச்சி, சென்னைத் தடங்களில் முதல் முறை பறக்கும் தொழிலாளர்களும், ஊர்த் திருவிழாவுக்குப் போகும் பாட்டிமார்களும் நிறைய. பாரத்தை நிரப்பத் தெரியாது, பெல்ட் போடத் தெரியாது, விளக்குப் பொத்தான் என்று நினைத்து அழைப்பு மணியை அழுத்துவார்கள், விமானம் நிற்குமுன் எழுந்து பெட்டியை இழுப்பார்கள். இது ஒழுங்கின்மை அல்ல, பழக்கமின்மை. மொழி புரியாதவரிடம் ஆங்கிலத்தில் மூன்று முறை கத்திவிட்டு, ஒத்துழைக்க மறுத்தார் என்று அறிக்கை எழுதினால் அது அநியாயம். அந்தத் தடங்களில் தமிழ் பேசும் பணியாளர் ஒருவராவது இருந்தால் பாதித் தகராறு மேலே எழும்பாது. அதே சமயம், "ஏய், இங்க வா" என்று விரல் சொடுக்கிக் கூப்பிடுவதும், போகும்போது இடுப்பில் இடிப்பதும் பழக்கமின்மை அல்ல. அங்கே தமிழில் பேசும் பெண் கிடைத்துவிட்டால் ‘நம்ம பொண்ணுதானே’ என்று கூடுதல் உரிமை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அதைப் பெரியவரிடமும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

சரி, அந்தத் தாயாரின் மகள் என்ன செய்ய வேண்டும்? நடந்த உடனே விமானத்தின் தலைமைப் பணியாளரிடம் சொல்ல வேண்டும். தலைவருக்குத் தகவல் போனால்தான் அவர் தரையிறங்குமுன் போலீசை வாசலுக்கு வரச் சொல்ல முடியும். கதவு திறந்த பிறகு சொன்னால் ஆள் குடிநுழைவு வரிசையில் கலந்துவிடுவார். இறங்கியதும், சீருடை மாற்றி வீட்டுக்குப் போகுமுன், நிறுவனத்தின் உள் அறிக்கையோடு நிற்காமல் போலீஸ் புகார் செய்ய வேண்டும். உள் அறிக்கை நிறுவனத்தின் கோப்புக்குப் போகும். போலீஸ் புகார்தான் வழக்காகும். மலேசியாவில் எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் செய்யலாம், விமான நிலையத்தில் செய்தால் வேலை சுலபம். பிரதியைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். கை வீங்கியிருந்தால் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் மருத்துவ அறிக்கை எடுக்க வேண்டும். மூன்று நாள் கழித்துப் போனால் வீக்கமும் இருக்காது, சாட்சியும் இருக்காது. பறக்கும் அட்டவணை மறுநாள் காலை என்று இருந்தால் மேலாளர் மாற்றிக் கொடுக்க வேண்டும். கொடுக்க மறுத்தால் அதையும் எழுதி வைக்க வேண்டும். புகார் கொடுத்தால் வேலை போய்விடும் என்று யாராவது சொன்னால், அதை வாயால் சொல்லாமல் எழுத்தில் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தரமாட்டார்கள்.

மற்றது பயணிகளாகிய நாம். பணிப்பெண்ணை ஒருவர் பிடித்து இழுத்ததைப் பார்த்தவர்கள் அந்த வரிசையில் ஆறேழு பேராவது இருப்பார்கள். விமானம் நின்றதும் அவர்கள் பெட்டியோடு போய்விடுவார்கள். அடுத்த விமானம், பஸ், வாசலில் காத்திருக்கும் உறவினர் என்று ஆளுக்கொரு அவசரம். பிறகு போலீசார் கேட்கும்போது அடித்தவர் சொல்லும், அடிபட்டவர் சொல்லும் மட்டுமே மிஞ்சும். கைப்பேசியில் படம் எடுத்தவர்கள் அதை இணையத்தில் போடுவதற்கு முன் பணியாளரிடம் காட்டலாம். படம் இல்லாதவர்கள் இருக்கை எண்ணையும் பெயரையும் தொலைபேசி எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தலைமைப் பணியாளர் கையில் கொடுத்துவிட்டு இறங்கலாம். இரண்டு நிமிட வேலை.